மழையை உள்ளே வாங்கும் தார் ரோடு

ஜூன், ஜூலையில் செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு இரவில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், மழையைவிட முன்னால் போகிற லாரிதான் பயம். அதன் பின்சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் ஹெல்மெட் கண்ணாடியை மூடிவிடும், எதிர் வண்டியின் வெளிச்சம் ஈர ரோட்டில் பட்டுக் கண்ணைக் கூசும், வெள்ளைக்கோடு எங்கே போனது என்றே தெரியாது.

அந்தத் தண்ணீர் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிட்டால்? அதற்குத்தான் நுண்துளைத் தார்.

ஒரு பொரி உருண்டையை உடைத்துப் பாருங்கள். பொரியும் பொரியும் தொடுகிற இடத்தில் மட்டும் பாகு, மற்றதெல்லாம் சந்து. வழக்கமான தார்க் கலவையில் பெரிய ஜல்லியின் சந்தைச் சின்ன ஜல்லியும் பாறைப்பொடியும் அடைத்துவிடும், ரோலர் ஓட்டிய பிறகு காற்றுக்கு 8 சதவீதம் இடம் மிஞ்சினால் அதிகம். நுண்துளைத் தாரில் பொடியை வெகுவாகக் குறைத்து, ஏறக்குறைய ஒரே அளவு ஜல்லியாகப் போடுவதால் சுமார் 20 சதவீதம் வெற்றிடம் கிடைக்கிறது. பாகு தளர்ந்தால் அடியில் வடிந்துவிடும் இல்லையா, தாரும் அப்படித்தான். அதனால் பாலிமர் கலந்த தாரும் கொஞ்சம் செல்லுலோஸ் நாரும் சேர்க்கிறார்கள்.

தண்ணீர் உள்ளே போனால் ரோடு கெட்டுவிடாதா? நெடுஞ்சாலையில் மேலே சுமார் 5 சென்டிமீட்டர்தான் இந்தத் தார், அடியில் தண்ணீர் புகாத அடுக்கு இருக்கும். அதன் சரிவில் ஓடி ஓரத்துக்குப் போய்விடும். சத்தமும் குறையும்: டயர் பள்ளங்களில் சிக்கிப் பிதுங்குகிற காற்றுதான் இரைச்சலில் ஒரு பெரிய பங்கு, இங்கே அது துளைக்குள் போய்விடுகிறது. 3 டெசிபல் குறைந்தாலே வண்டிகள் பாதியானது போலத்தான். நெதர்லாந்தின் அதிவேகச் சாலைகளில் பெரும்பகுதி இந்தத் தார்தான்.

சரி, புளியரை வளைவுகளில் போடலாமா? வேண்டாம் என்பேன். பாரம் ஏற்றிய லாரி திரும்பும்போது ஜல்லி பிய்ந்து வரும், மலைச்சரிவு மண் துளைகளை அடைக்கும். வேகமாகப் போகிற டயர்கள் துளையிலிருந்து அழுக்கை உறிஞ்சி எடுக்கும், ஊர்ந்து போகிற வண்டியால் அது நடக்காது.

குற்றால சீசனில் கார்கள் நிற்கிற இடங்கள் இதற்குத் தோது. அங்கே நீர்புகா அடுக்கு வேண்டாம், அடியில் தடிமனாக ஜல்லிப் படுகை போட்டால் போதும். சாரல் தண்ணீர் அதில் தங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். அவ்வப்போது உறிஞ்சும் இயந்திரத்தால் துளைகளைச் சுத்தம் செய்ய ஆள் மட்டும் இருக்க வேண்டும்.