ஒரு நிமிடத்தில் வெளுக்கும் இடம்

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாயில வினிகர் மாதிரி ஏதோ தடவிப் பார்த்துட்டு, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. இதுல எப்படிங்க புற்றுநோய் தெரியும்?"

தெரியும். புற்றாக மாறுவதற்கு முன்பே தெரியும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஹெச்.பி.வி. வைரஸ் காரணம். அதைக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான பெண்களுக்கு உடம்பே இந்த வைரஸை விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிடும். அப்படித் தங்கினாலும் புற்றாக முற்றப் பொதுவாக 10 முதல் 20 ஆண்டுகள் ஆகும்.

சரி, அந்த வினிகர்? அது 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம். நலமான மேற்பரப்புச் செல்லில் உட்கரு சிறியது, சுற்றிலும் இடம் நிறைய. வெளிச்சம் உள்ளே ஊடுருவி அடியிலுள்ள ரத்தக்குழாய்களின் நிறத்தைக் காட்டுவதால் அந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கெடத் தொடங்கிய செல்களில் உட்கரு பெருத்திருக்கும், செல்கள் நெருக்கியடித்து நிற்கும், புரதமும் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் திரள்கிறது. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல. வெளிச்சம் ஊடுருவ முடியாமல் திரும்பிச் சிதற, அந்த இடம் மட்டும் வெளுக்கிறது. முட்டை வெந்தது வெந்ததுதான். இங்கே சில நிமிடங்களில் வெண்மை மங்கிப் பழைய நிறம் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: திசுவை வெட்டாமல், எந்தச் சாயமும் ஏற்றாமல், செல்லின் உள்நிலவரம் வெறும் கண்ணுக்குத் தெரிகிறது.

தடவியதும் செவிலியர் ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பது இதற்காகத்தான். இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டி, விளிம்பு தெளிவாக, அடர்த்தியான வெண்திட்டு தெரிகிறதா என்று தேடுவார். புண், அழற்சி இருந்தாலும் லேசாக வெளுக்கும். அதனால் வெளுத்தாலே புற்றுநோய் என்று பயப்படக் கூடாது. அடுத்த சோதனை தேவை, அவ்வளவுதான்.

இந்த முறை உயிர்களைக் காக்கும் என்பதற்கான முக்கியச் சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே கிடைத்தது. 30 முதல் 59 வயதுப் பெண்கள் 31,343 பேருக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை இப்படிச் சோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அதே வருகையில் கெட்ட திசுவை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007இல் முடிவு வெளியானது: சோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட்டால் இந்த நோய் 25 சதவீதமும், இதனால் வந்த மரணம் 35 சதவீதமும் குறைவு. அதே வருகையில் சிகிச்சை என்பது மலையில் ரொம்பப் பெரிய விஷயம். வத்தலக்குண்டுக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். பலர் இரண்டாவது முறை போகவே மாட்டார்கள். நோயின் பேரைச் சொன்னாலே அது வந்துவிடும் என்ற நம்பிக்கையும் அவர்களைத் தடுக்கிறது. விலை உயர்ந்த கருவிகளுக்கு ஒதுக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை இப்படிப்பட்ட எளிய முறைகளுக்கும் செவிலியர் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பேன்.

வாசகியின் அம்மா வயதுப் பெண்களுக்கு இந்தச் சோதனை அவ்வளவாகப் பயன்படாது. மாதவிடாய் நின்றபின் அந்த எல்லைக்கோடு உள்ளே இழுத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. அவர்களுக்கு, வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஹெச்.பி.வி. டிஎன்ஏ சோதனைதான் சரி. 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். அதற்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்தால் தள்ளிப் போடுபவர்களுக்கு இது தோதான வழி.