நிறுத்தக்குறி: மூச்சு நிற்கும் இடமா, வாக்கியம் முற்றும் இடமா?

நிறுத்தக்குறி: வாக்கியம் எங்கே முடிகிறது, உள்ளே எங்கே பிரிகிறது என்பதை எழுத்தில் காட்டும் குறி. நிறுத்தம் + குறி என்று சேர்த்தால் நிறுத்தக்குறி; நிறுத்தல் + குறி என்று சேர்த்தால் நிறுத்தற்குறி. இரண்டும் புணர்ச்சி விதிக்கு உட்பட்டவையே. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் முதல் வடிவமே பழக்கம். மாணவர் இரண்டாவதை எழுதினால் சிவப்பு மையை எடுக்க வேண்டியதில்லை.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் காதில் இதற்கு மூன்று பெயர் விழுகிறது: தமிழ் வகுப்பில் நிறுத்தக்குறி, மலாய் வகுப்பில் தண்டா பாச்சா, ஆங்கில வகுப்பில் பங்சுவேஷன். மலாய்ப் பெயருக்கு வாசிப்புக் குறி என்று பொருள். ஆங்கிலப் பெயரின் வேர் புள்ளியைக் குறிக்கும் லத்தீன் சொல். மலாயில் முற்றுப்புள்ளியைக் குறிக்கும் நொக்தா அரபியிலிருந்து வந்தது, அதுவும் புள்ளிதான். காற்புள்ளியைக் குறிக்கும் கோமா கிரேக்கச் சொல், வெட்டிய துண்டு என்று பொருள். முதலில் வாக்கியத்தின் துண்டுக்கே அது பெயர். துண்டின் ஓரத்தில் இடும் குறிக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. (மலாயில் நினைவிழந்து கிடப்பதற்கும் கோமா என்றே பெயர். வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.)

தமிழில் புள்ளி என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே அது மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளி, வாக்கியத்தின் காலடியில் நிற்பது அல்ல. ஓலைச்சுவடியில் அந்தத் தலைப்புள்ளியையே பலர் இடாமல் விட்டார்கள். வாக்கியம் முடிவதைச் சொற்களே காட்டின: ஆசிரியப்பா ஏகாரத்தில் முடியும், உரைகாரர் 'என்றவாறு' என்று முடிப்பார். இன்று நாம் இடும் குறிகள் ஐரோப்பியர் கொண்டுவந்த அச்சோடு வந்தவை. அவற்றைத் தமிழ் உரைநடையில் முறையாகக் கையாண்டு நிலைநிறுத்தியவர் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை (1822–1879) சொல்வது வழக்கம்.

குறிகள் இரவல், பெயர்கள் நம்முடையவை, அதுவும் நம் கணக்கு வாய்பாட்டிலிருந்து எடுத்தவை. கால், அரை, முக்கால், முற்று. காற்புள்ளியில் (,) 1 மாத்திரை, அதாவது ஒரு முறை கண் இமைக்கும் நேரம், அரைப்புள்ளியில் (;) 2, முக்காற்புள்ளியில் (:) 3, முற்றுப்புள்ளியில் (.) 4 மாத்திரை நிறுத்த வேண்டும் என்று பழைய பள்ளி இலக்கணம் சொல்லும். கால்புள்ளி என்று எழுதுவதும் வழக்கில் உண்டு. ஆனால் 'கால்' என்றதும் சின்னப் பிள்ளை தன் காலைத்தான் பார்க்கும். ஓர் ஆப்பிளை நான்காக நறுக்கிக் காட்டிவிட்டுப் பெயரைச் சொன்னால் குழப்பம் வராது.

சிக்கல் அந்த மாத்திரைக் கணக்கில்தான். அது வாசிப்பவருக்கான விதி. எழுதுகிறவருக்கு அதையே கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

அப்பா காலையில் பெரட்டுக்குப் போய்விட்டு. வந்து பசியாறினார் பிறகு மறுபடியும் செம்பனைக் காட்டுக்குப் போனார்

(பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்.) 'போய்விட்டு' என்ற இடத்தில் பிள்ளைக்கு மூச்சு நின்றது, புள்ளி வைத்துவிட்டது. 'பசியாறினார்' என்ற இடத்தில் கதை சூடுபிடித்து ஓடியது, புள்ளி விழவில்லை. சொன்னபடிதான் செய்திருக்கிறது. 'நிறுத்தும் இடத்தில் புள்ளி வை' என்று சொல்லிக் கொடுத்ததுதான் தவறு.

நிறுத்தக்குறி என்ற பொதுப்பெயர் வழி தவறவிடும் இடத்தில் முற்றுப்புள்ளி என்ற தனிப்பெயர் வழி காட்டுகிறது. முற்றுக்குப் பின் வரும் புள்ளி அது. போய்விட்டு, வந்து என்பவை எச்சங்கள். இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. பசியாறினார், போனார் என்பவை வினைமுற்றுகள், அங்கே புள்ளி. மலாயிலும் ஆங்கிலத்திலும் வாக்கியத் தொடக்கத்தைப் பெரிய எழுத்து காட்டிவிடும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. புள்ளி தவறினால் அடுத்த வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. ஆகவே முதலாம் ஆண்டில் வேறு எதையும் தொடாமல் முற்றுப்புள்ளியிலேயே சில வாரம் நிற்பது நல்லது.

வகுப்பில் செய்ய வேண்டியது இதுதான். குறியே இல்லாத ஐந்தாறு வாக்கியங்களைத் தொடர்ச்சியாகக் கரும்பலகையில் எழுதுங்கள். மொத்தம் முப்பது, நாற்பது சொல் போதும். எல்லாரும் ஒரு முறை வாசிக்கட்டும். பிறகு 'யார் என்ன செய்தார்?' என்று கேட்டு வினைமுற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அடிக்கோட்டின் வலப்பக்கத்தில் புள்ளி, வரியின் மேல் உட்கார்ந்தபடி. அந்தரத்தில் தொங்கினால் மெய்யெழுத்தின் புள்ளியோடு குழம்பும். கடைசியில், ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் வேறொரு பிள்ளை எழுந்து வாசிக்கட்டும். தவறான இடத்தில் புள்ளி இருந்தால் எழுந்தவர் தொடங்கவே முடியாமல் விழிப்பார்.

இந்த முறை மூன்று இடத்தில் சறுக்கும். 'ஓடும்', 'வரும்' போன்ற சொற்கள் முற்றாகவும் வரும், பெயரெச்சமாகவும் வரும்: 'நாய் ஓடும்.' இங்கே புள்ளி உண்டு. 'ஓடும் நாய்' என்பதன் நடுவில் இல்லை. அடுத்த சொல்லோடு ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, வினையே இல்லாத வாக்கியம்: 'இது எங்கள் தோட்டத்துக் கோயில்.' இதன் கடைசியில் 'ஆகும்' என்று மனத்துக்குள் சேர்த்துப் பார்த்தால் ஒத்துவரும், வாக்கியம் முடிந்துவிட்டது. (மனத்துக்குள் மட்டும். தாளில் எழுதத் தொடங்கினால் கட்டுரை முழுக்க 'ஆகும்' ஆகிவிடும்.) மூன்றாவது, முற்றுக்குப் பின் 'என்று' வருவது: 'நாளை வருவேன் என்று சொன்னார்.' இங்கே 'வருவேன்' முற்றுதான், ஆனால் 'என்று' அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

மேற்கோள் குறிக்கு இந்த 'என்று'வே நல்ல வாசல். 'நான் வருவேன் என்று தம்பி சொன்னான்': யார் வருவது, தம்பியா, சொல்கிறவரா? குறி இல்லாவிட்டால் இரண்டு பொருளும் நிற்கும். "நான் வருவேன்" என்று தம்பி சொன்னான் என எழுதினால் வருவது தம்பி. மலாய்ப் பாடத்தில் மேற்கோளை மூடுமுன் கோமா இடப் பழகிய பிள்ளைகள் தமிழிலும் "நான் வருவேன்," என்று எழுதுவார்கள். அச்சிலும் அப்படிக் காணலாம். 'என்று' இருக்கும்போது அந்தக் காற்புள்ளிக்கு வேலை இல்லை என்பதே எங்கள் கருத்து. வினாக்குறி மட்டும் உள்ளேயே இருக்க வேண்டும்: "எப்போது வருவாய்?" என்று கேட்டான். மேற்கோள் இல்லாமல் 'அவன் வருவானா என்று தெரியவில்லை' என எழுதினால் வினாக்குறியே வேண்டாம். 'வருவானா'வைக் கண்டதும் கை அரிக்கும், அவ்வளவுதான்.

காற்புள்ளியைக் கற்பிக்க விளியை விட எளிய வழி இல்லை. 'மாலா அக்கா எங்கே?' என்றால் தேடுவது மாலா அக்காவை. 'மாலா, அக்கா எங்கே?' என்றால் மாலாவிடம் அவள் அக்காவைக் கேட்கிறோம். ஒரு கீற்றில் ஆளே மாறிப்போகிறது. பட்டியலில், 'உம்' இருந்தால் காற்புள்ளி வேண்டாம்: அண்ணனும் தம்பியும் நானும் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போனோம். 'உம்' இல்லாவிட்டால் வேண்டும்: கத்தரி, வெண்டை, முருங்கை ஆகியவற்றை வாங்கினோம். 'கத்தரி, வெண்டை மற்றும் முருங்கை' என்பது பிறமொழி அச்சில் வார்த்தது. பாடநூல்களிலும் நுழைந்துவிட்டது, எங்களுக்கு உடன்பாடு இல்லை.

உணர்ச்சிக்குறியை வியப்புக்குறி, ஆச்சரியக்குறி என்றும் சொல்வார்கள். அச்சம், துயரம், கட்டளை எல்லாவற்றுக்கும் வருவதால் முதல் பெயரே பொருந்தும். ஒன்று போதும், மூன்று வேண்டாம். அரைப்புள்ளியையும் முக்காற்புள்ளியையும் மேல்வகுப்புக்கு விட்டுவிடலாம்.

திருத்தும்போது கண்ணை முதலில் ஓட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. க், ச், த், ப் என்று சொல் முடிந்து, உடனே காற்புள்ளி இருந்தால் அது பிழை. 'எடுத்துக் கொடுத்தான்' சரி. 'எடுத்து, கொடுத்தான்' சரி. 'எடுத்துக், கொடுத்தான்' தவறு. ஒற்று இரண்டு சொல்லை ஒட்ட வருகிறது, காற்புள்ளி பிரிக்க வருகிறது. இரண்டும் ஒரே இடத்தில் நிற்க முடியாது. 'திரு.', 'கி.மீ.' போன்ற சுருக்கங்களின் புள்ளி வாக்கியத்தை முடிக்காது என்பதையும் ஒரு முறை சொல்லிவிட வேண்டும்.

சொல்வதெழுதுதலில் 'காற்புள்ளி', 'முற்றுப்புள்ளி' என்று வாயால் சொல்லாதீர்கள். நீட்டி நிறுத்தியும் வாசிக்காதீர்கள், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு காற்புள்ளி விழும். பேச்சு வேகத்தில் முழு வாக்கியத்தையும் வாசித்து, மறுபடியும் ஒரு முறை வாசித்து, குறியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். எழுத்துப்பிழைக்குத் தனி மதிப்பெண், குறிக்குத் தனி மதிப்பெண்.