எம்டனும் கரியும் ஒரு வல்லரசும்

யாரிடமும் பிடிபடாத கில்லாடியை ராயபுரத்தில் ‘சரியான எம்டன்’ என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு அந்தப் பெயர் கொண்ட ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே நின்று சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பிரிட்டனின் கடல் என்று நம்பியிருந்த ஊர் அன்றிரவு ஆடிப்போனது. எம்டனைத் தேடப் பிரிட்டனுக்குத் தன் கப்பல்கள் போதவில்லை. ஜப்பானியக் கப்பல்களும் வேட்டையில் இறங்கின.

வல்லரசு என்ற பெயரை எந்த நாடும் தனக்குத் தானே சூட்டிக்கொள்ள முடியாது. ஏற்கெனவே வல்லரசாக இருப்பவர்கள் கொடுக்க வேண்டும். ‘இவர்கள் இல்லாமல் நமக்கு ஆகாது’ என்ற நிலை வரும்போதுதான் கொடுப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஜப்பான் அந்த நிலைக்கு வந்த கதையில் கரிக்குப் பெரிய பங்கு உண்டு. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில் கரித்தூசு படிந்த காலத்தை வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீராவிக் கப்பல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்தக் கரிதான் தீர்மானித்தது. 1904இல் ஜப்பானை அடக்க ரஷ்யா தன் பால்டிக் கடற்படையை அனுப்பியது. ஏழு மாதப் பயணம். 1902 முதல் ஜப்பானின் கூட்டாளியான பிரிட்டன் தன் துறைமுகங்களில் அதற்குக் கரி தரவில்லை. ஜெர்மன் கரிக்கப்பல்களை நம்பி, மேல்தளத்திலும் கரியைக் குவித்துக்கொண்டு, அடிப்பகுதியில் பாசி பிடித்து வேகம் குறைந்து வந்தன அந்தக் கப்பல்கள். ஜப்பானியக் கடற்படைத் தளபதி தோகோவின் கப்பல்களோ சொந்தக் கரைக்குப் பக்கத்தில், பழுது பார்த்து, பயிற்சி முடித்துக் காத்திருந்தன. 1905 மே 27 காலையில் ஒரு காவல் கப்பல் கம்பியில்லாத் தந்தியில் தகவல் சொன்னது. மறுநாள் முடிவதற்குள் ரஷ்யக் கடற்படையில் பெரும்பகுதி மூழ்கியது, அல்லது பிடிபட்டது.

போருக்கு ஜப்பான் வாங்கிய கடனும் லண்டனிலும் நியூயார்க்கிலும்தான் திரண்டது. கடன் கொடுத்தவனும் நாம் ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பான், இல்லையா?

அப்புறம் நடந்தது சின்ன அலுவலக மாற்றம்போலத் தோன்றும். அந்நாளில் முழுத்தகுதியுள்ள தூதர்களை வல்லரசுகள் பெரும்பாலும் தங்களுக்குள்தான் அனுப்பிக்கொண்டன. டோக்கியோவில் அதைவிட ஒரு படி கீழான பிரதிநிதியை வைத்திருந்த பிரிட்டன், 1905இலேயே அந்தப் பதவியை உயர்த்தியது. அங்கீகாரம் இப்படித்தான் காகிதத்தில் ஏறுகிறது.

1914 நவம்பரில், சீனாவில் ஜெர்மனியின் கையில் இருந்த, எம்டனின் தளமான சிங்தாவ் துறைமுகத்தை ஜப்பான் பிரிட்டனோடு சேர்ந்து பிடித்தது. 1919இல், முதல் உலகப் போர் முடிந்தபின் நடந்த பாரிஸ் அமைதி மாநாட்டில் ஐந்து பெரிய நாடுகளில் ஒன்றாக உட்கார்ந்தது. அங்கே, புதிதாக அமையவிருந்த சர்வதேச சங்கத்தின் (League of Nations) சாசனத்தில் இன சமத்துவத்தைச் சேர்க்கக் கேட்டது. 17 வாக்குகளில் 11 ஆதரவு கிடைத்தும், ஒருமனதாக இல்லை என்று சொல்லித் தலைமை வகித்த அமெரிக்க அதிபர் வில்சன் அதைத் தள்ளிவிட்டார்.