பாமாயில் ஆலைக் கழிவு: முதலில் குட்டையைப் பாருங்கள்

பாமாயில் ஆலைக் கழிவிலிருந்து என்ன செய்யலாம் என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். காகிதக் கூழ், பலகை, எத்தனால், ஆக்டிவேட்டட் கார்பன்... எல்லாமே செய்ய முடிந்தவைதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "கழிவுநீர்க் குட்டையைக் கடைசியாக எப்போது தூர்வாரினீர்கள்?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. ஆலைக் கழிவுநீரோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன் என்பதால் எனக்குப் பேச்சு அங்கேதான் தொடங்கும்.

ஒரு டன் பழக்குலை ஆலைக்குள் போனால் ஏறக்குறைய 200 முதல் 220 கிலோ எண்ணெய் கிடைக்கும். கொட்டைப் பருப்பு இன்னொரு 50, 60 கிலோ. பழம் உதிர்ந்த வெறும் குலை 220 கிலோ, பிழிந்த நார் 130 கிலோ, ஓடு 60 கிலோ என்று சுமாராக மிஞ்சும். இதோடு 600, 700 லிட்டர் கழிவுநீர். குலையை வேகவைக்கும் நீராவியும், எண்ணெயைத் தெளியவைக்கச் சேர்க்கும் நீரும்தான் இப்படி வெளியே வருகின்றன.

நாரையும் ஓட்டையும் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அவை ஏற்கெனவே பாய்லரில் எரிகின்றன. ஒரு டன் குலையை அரைக்க 20 யூனிட் மின்சாரம் போதும், அதை ஆலை தானே உற்பத்தி செய்துகொள்கிறது. மிஞ்சும் ஓட்டுக்குச் சந்தையும் இருக்கிறது. ஜப்பானின் மின் நிலையங்கள் கப்பல் கப்பலாக வாங்கி எரிக்கின்றன.

வெறும் குலை அப்படியல்ல. அதன் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் ஈரம். அப்படியே பாய்லரில் போட்டால் எரிய மறுக்கும். பிழிந்து உலர்த்திப் போட்டாலும், அதிலுள்ள பொட்டாசியத்தால் சாம்பல் உருகிக் குழாய்களில் கல்லாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொட்டாசியம் தோட்டத்து மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்து. மரங்களுக்கு இடையே ஒற்றை அடுக்காகப் பரப்பினாலே நல்ல மூடாக்கு. குவியலாகக் கொட்டிவிட்டுப் போனால் காண்டாமிருக வண்டுக்கு வீடு கட்டிக் கொடுத்தது போலத்தான், அது நேராகக் குருத்தைத் துளைக்கப் போகும். எனக்குப் பிடித்த வழி, குலையைத் துண்டாக்கி, அதன்மேல் கழிவுநீரைத் தெளித்து, புரட்டிப் புரட்டிக் கம்போஸ்ட் ஆக்குவது. இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார். குவியலின் சூட்டிலேயே நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அதாவது ஒரு கழிவு இன்னொரு கழிவைக் குடித்துவிடுகிறது.

இனி கழிவுநீர். 80 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், புளித்துப்போன பழுப்புக் கஞ்சி மாதிரி வெளியே வரும். எண்ணெய் எடுக்க ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை, அதனால் இதில் விஷம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனாலும் ஆற்றில் விட்டால் மீன் சாகும், மூச்சுத் திணறி. பிஓடி என்பது கழிவு மக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் இருக்கும், இதில் சுமார் 25,000. மக்கும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எல்லாம் இது உறிஞ்சிவிடும். மலேசியா 1977இல் கொண்டுவந்த விதிகள் இந்த அளவை 5,000இல் தொடங்கிப் படிப்படியாக 1984க்குள் 100க்குக் குறைக்கச் சொன்னது சும்மா இல்லை. அப்போதுதான் ஆலைகளின் பின்புறம், கழிவைப் பாக்டீரியா தின்று மக்கவைக்கும் குட்டைகள் வரிசையாக வந்தன.

குட்டைகள் ஆற்றைக் காப்பாற்றின. ஆனால் அடியில் குமிழியிடும் மீத்தேன் வானத்துக்குப் போனது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் அது பூமியைச் சூடாக்குவது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு. குட்டையை மூடினால், அல்லது தொட்டி கட்டினால், ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து 25 கன மீட்டருக்கு மேல் பயோகேஸ் பிடிக்கலாம். அதில் 60 சதவீதம் போல மீத்தேன். மணிக்கு 60 டன் அரைக்கும் ஆலை நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால், ஒன்றரை மெகாவாட்டுக்குக் குறையாமல் மின்சாரம் எடுக்கலாம்.

சரி, யார் வாங்குவது? ஆலைக்கு வேண்டிய மின்சாரம்தான் ஏற்கெனவே இருக்கிறதே. பக்கத்தில் மின்கம்பி இல்லாமல் ஜெனரேட்டர் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். அப்படிப்பட்ட இடத்தில் கேஸைப் பாய்லருக்கே திருப்பிவிடுங்கள். அதனால் மிச்சமாகும் ஓட்டை விற்றுக்கொள்ளலாம்.

ஓர் ஆலையில் திடீரென்று கேஸ் பாதியாகக் குறைந்தது. பாக்டீரியா செத்துவிட்டது, புதிதாக வாங்கி ஊற்றலாம் என்று ஆளாளுக்கு யோசனை. நானும் இரண்டு வாரம் மாதிரி எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், தெளியவைக்கும் தொட்டியில் எண்ணெய் வழிக்கும் கருவி பழுது. எண்ணெய் மொத்தமாகக் கழிவுநீரோடு போய்க்கொண்டிருந்தது. குளிர்விக்கும் குட்டையும் சேறு நிறைந்து, சூடு ஆறாமலே நீர் உள்ளே வந்தது. விற்கவேண்டிய எண்ணெயை ஊற்றி பாக்டீரியாவைத் திணறடித்திருக்கிறோம்! இரண்டையும் சரிசெய்த பிறகும் பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆனது.

பயோகேஸோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். அதைக் கழுவி எடுக்காவிட்டால் எஞ்சின் அரித்துப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்குச் செலவும் செய்கிறார்கள். ஆட்களைப் பற்றித்தான் மறந்துவிடுகிறார்கள். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று தொட்டிக்குள் இறங்குபவர் விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். கேஸ் மீட்டர் காட்டும் அளவைப் பார்க்காமல், வெளியே கயிற்றோடு ஆள் நிற்காமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். தூர்வார வரும் ஒப்பந்தக்காரரிடம் அந்த மீட்டர் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லை என்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள், சேறு இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும்.