பெல்லோஷிப்: ஆய்வுநல்கை என்னும் சொல் குறித்து

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிக் கல்லூரிகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோர் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது "பெல்லோஷிப் வருதா?" என்பதுதான். நாளிதழ்கள் இதனை 'ஆய்வு உதவித்தொகை' என்று எழுதுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று சொல்லும்போது அச்சொல் பொருத்தமாகவே தோன்றும். எனினும் உதவித்தொகை என்பது பணத்தை மட்டுமே சுட்டும். பெல்லோஷிப் என்பதோ பணத்துடன் ஆய்வாளருக்கு ஓர் அறிஞர் குழுவில் இடமும், விரும்பிய கேள்வியைப் பின்தொடரும் ஓய்வும் தருவது. கட்டணம் கட்ட முடியாத மாணவருக்குக் கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பிலிருந்து அது வேறுபடும் இடமும் இதுவே. இலங்கைத் தமிழர் ஸ்காலர்ஷிப்பைப் 'புலமைப்பரிசில்' என்பர். அழகிய சொல்தான், ஆனால் பெல்லோஷிப்புக்கு அதுவும் போதாது. அதற்கு 'ஆய்வுநல்கை' என்ற சொல்லையே இங்கே முன்வைக்கிறேன்.

ஆங்கிலத்தின் 'பெல்லோ' பழைய நார்ஸ் மொழியின் 'ஃபேலாகி' என்பதிலிருந்து வந்தது. 'ஃபே' என்றால் கால்நடை, அதன்வழிச் செல்வம். அடுத்த பகுதி 'இடுதல்' என்னும் பொருளது. ஆகவே ஒரு முயற்சியில் தன் பங்குக்கு முதல் போட்டவரே ஃபேலாகி. அது பின்னர் தோழரைக் குறித்து, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் உறுப்பினராக அமர்ந்த அறிஞருக்கு உரிய பெயராயிற்று. தமிழிலும் மாடு என்பதற்குச் செல்வம் என்ற பொருள் உண்டு. கல்வியே கேடில்லாத விழுச்செல்வம், 'மாடல்ல மற்றை யவை' என்று 400ஆம் குறள் முடிவது நமக்குத் தெரிந்ததே.

கொடையாளர் நிதியில் நிகழும் நல்கைகளுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெல்லோக்கள் சங்கம் நல்ல சான்று. 1933இல் தொடங்கிய அதற்கு அப்பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த லாரன்ஸ் லோவெல் தம் பெயரை வெளியிடாமல் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். தேர்வான இளம் அறிஞர் மூன்றாண்டு எத்துறையிலும் ஆராயலாம். பிற துறையினரோடு ஒரே மேசையில் உணவருந்துவதும் அந்த ஏற்பாட்டின் பகுதி.

இத்தகைய கொடையின் உயிர், முதல் கரையாமலிருப்பதில் உள்ளது. நம் கல்வெட்டுகளில் கோயிலின் நந்தாவிளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 90 ஆடுகள் விட்டு, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதுவதுண்டு. ஆடு செத்தாலும் மூத்தாலும் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காப்பது ஏற்றவரின் கடமை. விளக்கு எரிவது அதன் நெய்யால். பொன்னாகக் கொடுத்தால் அதன் வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். இன்று பல்கலைக்கழகம் கொடையாளரின் முதலை வைப்பில் இட்டு ஆண்டு வருவாயிலிருந்து ஆய்வாளருக்கு வழங்குவதும் இதே கணக்குத்தான்.

கல்விக்கே இவ்வாறு கொடுத்ததற்கு நம் குமரி மாவட்டத்தில் சான்று உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து நிலம் பெற்று, விஷ்ணு கோயில் எழுப்பி, அதற்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, பழைய கல்விச்சாலையான காந்தளூர்ச் சாலையின் முறையில் 95 சட்டர்களுக்கு, அதாவது வேத மாணவர்களுக்கு, ஒரு சாலை நிறுவியதைச் செப்பேடு சொல்கிறது. இடங்கள் வேதப் பிரிவுகளின்படி 45, 36, 14 எனப் பகுக்கப்பட்டன. சேர்பவர் இலக்கணம், மீமாம்சை ஆகியவற்றில் பயிற்சி உடையவராயிருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. அந்த 95 இடங்களும் வேதம் ஓதும் பிரிவினருக்கு மட்டுமே என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே வட்டாரத்து மீனவர் வீட்டு மகள் ஆய்வாளராக விண்ணப்பிக்கும் இன்றைய நிலை அதனினும் மேலானது.

நல்கை ஆய்வுகள் நிகழும் 'துறை' என்ற சொல்லுக்கும் இங்கே பொருள் விரிவு. சின்னத்துறை, பூத்துறை, மார்த்தாண்டன்துறை என்று மேற்குக் கரை ஊர்கள் துறையாகவே பெயர் பெற்றவை. கல்விப்பிரிவைக் குறிக்கும் துறையும் இறங்கும் இடம் என்னும் அப்பொருளின் விரிவே. பல துறையினர் தத்தம் பகுதியை எழுதித் தொகுத்தால் அது பல்துறை ஆய்வு. ஒரு கேள்விக்காக ஒரு துறையின் கருவி இன்னொன்றில் புகுந்து இரண்டும் மாறினால் அது துறையிடை ஆய்வு. கடலில் நின்று மலைமுகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் நேராகப் பிடித்து மீன்பாரின், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டின், இடத்தைக் குறிக்கும் முறையை மேற்குக் கரை மீனவர் கணிச்சம் என்பர். அதை ஆராய்பவருக்குப் புவியியலும், கடலடித்தள அளவையும், நீவாடு (கடல் நீரோட்டம்) போன்ற மீனவச் சொற்களைப் பதிவுசெய்யும் மொழியியலும் சேர்ந்தே தேவை. தனித்துறைத் திட்டங்களில் இத்தகைய கேள்விக்கு எளிதில் இடம் கிடைக்காததால்தான் கொடையாளர் நல்கையின் மதிப்பு கூடுகிறது.

நல்கு என்பது வெறுமனே கொடுத்தல் அன்று, அன்போடு அளித்தல். ஆதலால் பெல்லோஷிப்புக்கு 'ஆய்வுநல்கை' என்பதையே நான் தேர்வேன். மானியம் என்பது வடசொல் வழி வந்தது. வரியில்லா நிலத்தைக் குறித்த அது இன்று அரசு உதவி என்னும் பொருளிலேயே நிலைத்துவிட்டது. நல்கையைப் பெறுபவரை 'நல்கையாளர்' என்றால் கொடுப்பவர் என்று மயங்கும். எனவே 'நல்கை ஆய்வாளர்' என்க. கொடுப்பவர் 'கொடையாளர்'. 'புரவலர்' என்பது தொடர்ந்து பேணிக் காப்பவருக்கே உரியது. ஒருமுறை பணம் தந்தவருக்கு அதை எழுதுதல் மிகை. ஆகவே அழைப்பறிக்கையில் 'கொடையாளர் நிதியில் துறையிடை ஆய்வுநல்கை' என்று தலைப்பிட்டு, மாதத் தொகையை மட்டும் 'உதவித்தொகை' என அடியில் குறிப்பிடலாம்.