ஒரு சுழியத்தில் ஏமாந்த கெர்னல்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். சரி, கெர்னலில் கை வைக்காமல், ஓடும்போது அதில் செருகிக்கொள்ளும் டிரைவர் மாட்யூல் (ஒரு கருவியை இயக்கும் நிரல் துண்டு) ஒன்றை மட்டும் எழுதினால்? அதன் மூலநிரலைப் பூட்டி வைக்கலாமா?

அந்த மாட்யூல் தனிப் படைப்பா, கெர்னலிலிருந்து பிறந்த வழிப்படைப்பா என்பதைப் பொறுத்தது. வழக்கறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கெர்னல்காரர்கள் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் நிரலிலேயே காவல் போட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு மாட்யூலும் தன் உரிமத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும். ஏற்றும்போது கெர்னல் அதைப் படிக்கும். கெர்னல் தரும் ஃபங்ஷன்களில் (மாட்யூல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் பகுதிகளில்) ஒரு பகுதி ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டும். மூலநிரலைப் பூட்டி வைத்த தனியுரிம மாட்யூல் அவற்றில் ஒன்றைக் கேட்டாலும் உள்ளே ஏறாது. கேட்காவிட்டால் ஏறும், ஆனால் கெர்னல் தன்னைக் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்ளும். மாட்யூலைக் கழற்றினாலும், ரீபூட் செய்யும்வரை அந்தக் கறை போகாது. பிழை அறிக்கையில், தனியுரிமம் என்பதைக் குறிக்கும் 'பி' என்ற ஆங்கில எழுத்து நிற்கும். அதைக் கண்டதும் பல டெவலப்பர்கள் அறிக்கையை மூடிவிடுவார்கள். நியாயம்தான், மூலநிரல் கையில் இல்லாத துண்டு எதை மிதித்தது என்று யார் தேடுவது?

காவலை ஏய்க்கும் வேலையும் நடந்தது. கெர்னல் எழுதப்பட்ட சி மொழியில் மதிப்பு சுழியமான பைட் வந்தால் எழுத்துச் சரம் முடிந்தது என்று பொருள். 2004இல் ஒரு மோடம் டிரைவரின் உரிம வரியில் 'ஜிபிஎல்' என்று இருந்தது; அப்புறம் ஒரு சுழிய பைட்; அதன் பிறகு, இது ஜிபிஎல் கோப்புறையில் உள்ள கோப்புகளுக்கு, மற்றவற்றுக்கு உரிமக் கோப்பே செல்லும் என்ற விளக்கம். மூலநிரலைத் திறந்து படிப்பவருக்கு முழு உண்மையும் தெரியும். கெர்னலோ முதல் சொல்லோடு நின்றுவிட்டது! எச்சரிக்கைச் செய்திகள் பயனரைக் குழப்பக் கூடாதென்றே அப்படிச் செய்ததாக எழுதியவர்கள் சொன்னார்கள். எனக்கு அது சாமர்த்தியமாகத்தான் படுகிறது, நேர்மையாக அல்ல.

இன்னொரு வழி, கெர்னலுக்கும் தனியுரிம மாட்யூலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜிபிஎல் மாட்யூலைத் தரகராக வைப்பது. 2020இல் வந்த கெர்னலின் 5.9 பதிப்பு அதை அடைத்தது: தனியுரிம மாட்யூலிடமிருந்து ஃபங்ஷன் வாங்கும் மாட்யூலும் தனியுரிமமாகவே எண்ணப்படும்.

2022 மே மாதம், கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை ஜிபிஎல், எம்ஐடி (இன்னொரு திறந்த உரிமம்) என இரட்டை உரிமத்தில் வெளியிட்டது. ஆனால் அதன் டிரைவரில் கெர்னலுக்கு வெளியே ஓடும் பகுதி இன்னும் மூடித்தான் இருக்கிறது. டிரைவர் செய்துவந்த வேலையில் பெரும்பங்கு இப்போது கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது. கெர்னல் படிக்கும் அந்த ஒற்றை உரிம வரி அங்கே எட்டாது.