மலையில் மட்டும் முனகும் மிஷின்

கோத்தகிரியிலிருந்து தச்சர் ஒருவர் கேட்கிறார்: "மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடும் மரம் அறுக்கும் மிஷின், இங்கே மேல்வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஓட்டினால், சில்வர் ஓக் பலகையைத் தொட்டாலே முனகுகிறது. குளிர்தான் காரணமா?"

இல்லை. குளிர் உதவத்தான் செய்கிறது. ஒரு டிகிரி குறைந்தால் செம்பின் மின்தடை சுமார் 0.4 சதவீதம் குறையும். சந்தேகப்பட வேண்டியது, மேல்வீட்டு பிளக்கிலிருந்து தேயிலைச் சரிவில் 30 மீட்டர் இறங்கும் அந்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை.

கணக்கு, பள்ளியில் படித்த ஓம் விதிதான். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும்; ஆக 60 மீட்டர் செம்பு. 0.75 ஸ்கொயர் எம்எம் (உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு) வயரில் தடை சுமார் 1.4 ஓம். 9 ஆம்பியர் இழுக்கும் 2000 வாட் மிஷினுக்கு 12 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 என்றால் 4 வோல்ட்கூடப் போகாது.

230-இல் 12 போனால் என்ன? இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி வருகிறது. சுழலும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும்கூட. காந்தப் புலத்தில் சுற்றும் அதன் கம்பிச்சுருள், உள்ளே வரும் மின்சாரத்துக்கு எதிராகத் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்குகிறது. வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும். சுருளின் சொந்தத் தடை மிகச் சிறியது. மோட்டார் எரியாமல் ஓடுவதே இந்த எதிர்ப்பின் புண்ணியத்தில்தான். தன் பசிக்குத் தானே கடிவாளம் போட்டுக்கொள்ளும் இயந்திரம்!

வோல்டேஜ் குறைந்தால் வேகம் தளர்கிறது. பொறுமையிழந்த கை பிளேடை அழுத்துகிறது. எதிர் வோல்டேஜ் சரிய, மின்னோட்டம் ஏறுகிறது. ஏறிய மின்னோட்டம் வயரில் இன்னும் வோல்டேஜைத் தின்கிறது. வேகம் மேலும் விழுகிறது. பிளேடு சிக்கி நின்றேவிட்டால் ஆம்பியர் பல மடங்கு பாயும். குளிர்விக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது என்பதால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். போதாக்குறைக்கு, ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு; விசிறி ஓடினாலும் அவ்வளவு குளிர்விக்காது.

மோட்டார் எரிந்ததும் திருஷ்டி என்று சொல்லி, புது மிஷினுக்கு எலுமிச்சை கட்டுகிறார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் எலுமிச்சை கட்டும் கை, வயரில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் திருப்பிப் பார்க்க மறுப்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

அந்த 0.75 வயர் 9 ஆம்பியரில் 110 வாட் அளவுக்கு வெப்பம் கக்கும். விரித்துப் போட்டால் காற்றோடு போகும். சுருட்டியபடி ஓட்டினால் நடுச்சுற்றுகளில் தேங்கி பிவிசி உறையை இளக்கும். தச்சர் வாங்க வேண்டியது 2.5 ஸ்கொயர் எம்எம், மூன்று கோர் செம்பு வயர். 9 ஆம்பியரை 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 போடட்டும். பனியில் நனைந்த புல்லில் வயர் கிடக்கும் ஊர் என்பதால், மேல்வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பிளக்கைச் செருகட்டும்.